ஸ்ட்ரோக்ஸ் பாட்டை நோட் பிசகாமல் வாசித்தும் அந்த ஒலி வராதது ஏன்?

கேள்வி இதுதான்: "நாங்கள் ஐந்து பேர். தி ஸ்ட்ரோக்ஸ் குழுவின் பாடல்களை வாசிக்கிறோம். நோட்ஸ் சரி, டெம்போ சரி. ஆனால் பதிவு செய்து கேட்டால் கல்லூரி விழா ராக் மாதிரி இருக்கிறது. அவர்களுடைய ஒலி எதிலிருந்து வருகிறது? வரிசையாகக் கேட்பதென்றால் எந்த ஆல்பத்தில் தொடங்குவது?"

ஒரே வரியில் சொன்னால், நீங்கள் தேவைக்கு மேல் வாசிக்கிறீர்கள். பெரும்பாலோர் இதைப் பெடல், ஆம்ப் பிரச்சினை என்று நினைத்துப் பணத்தைச் செலவழிக்கிறார்கள். கருவிகளுக்கும் பங்கு உண்டு, சொல்கிறேன். ஆனால் முக்கால்வாசி விஷயம் யார் எதை வாசிக்காமல் விடுகிறார் என்பதில் இருக்கிறது.

முதலில் ஆட்களைத் தெரிந்துகொள்ளுங்கள். 1998-ல் நியூயார்க்கில் சேர்ந்தவர்கள். குரல் ஜூலியன் காசாபிளாங்கஸ், கிட்டார் நிக் வலென்சி, இன்னொரு கிட்டார் ஆல்பர்ட் ஹாமண்ட் ஜூனியர், பேஸ் நிக்கோலாய் ஃப்ரெய்ச்சர், டிரம்ஸ் ஃபேப்ரிசியோ மொரேட்டி. முதல் மூன்று ஆல்பங்களில் ஏறக்குறைய எல்லாப் பாடல்களையும் எழுதியவர் காசாபிளாங்கஸ். வரிகளையும் மெட்டையும் மட்டும் அல்ல, ஒவ்வொரு கருவியும் என்ன வாசிக்க வேண்டும் என்பதுவரை பெரும்பாலும் அவர் மனதில் முடிவாகியிருக்கும். ஸ்டுடியோவுக்குள் நுழைவதற்கு முன்பே மன்ஹாட்டனில் உள்ள மியூசிக் பில்டிங் என்ற ஒத்திகைக் கட்டடத்தில் இரவிரவாக வாசித்து வாசித்துப் பாடல்களை இறுக்கிவிட்டார்கள். அதனால்தான் பதிவில் 'சோதித்துப் பார்ப்போம்' என்ற தடுமாற்றமே தெரியாது.

2001 ஜனவரியில் 'தி மாடர்ன் ஏஜ்' என்ற மூன்று பாட்டு இபி (குறும் ஆல்பம்) பிரிட்டனில் ரஃப் டிரேட் நிறுவனத்தின் வழியாக வந்தது. அதன் பிறகு நிறுவனங்கள் போட்டி போட்டுத் துரத்த, அமெரிக்காவில் பெரிய இசை நிறுவனமான ஆர்சிஏவுடன் ஒப்பந்தம் ஆனது. ஆகவே கறாராகப் பார்த்தால் அமெரிக்காவில் இவர்கள் 'இண்டி'யே (சிறு சுதந்திர நிறுவனத்துக் குழு) அல்ல. பெரிய நிறுவனத்துப் பிள்ளைகள். அந்தச் சண்டையை ரசிகர்களிடம் விட்டுவிடுவோம்.

'இஸ் திஸ் இட்' என்ற முதல் ஆல்பத்துக்காகத் தொடக்கத்தில் கில் நார்ட்டன் என்ற தயாரிப்பாளருடன் சில பாடல்களைப் பதிவு செய்து பார்த்தார்கள். பிக்ஸீஸ் குழுவின் 'டூலிட்டில்' ஆல்பத்தைத் தயாரித்தவர் அவர். பதிவு மிகச் சுத்தமாக இருந்தது, அதனாலேயே அதை ஒதுக்கிவிட்டு, இபியைப் பதிவு செய்த கோர்டன் ராஃபேலிடமே திரும்பினார்கள். அவருடைய டிரான்ஸ்போர்ட்டர்ரவும் ஸ்டுடியோ ஈஸ்ட் வில்லேஜில் ஒரு நிலவறையில் இருந்தது. இடம் சிறியது, கருவிகள் குறைவு. குழு ஒரே அறையில் சேர்ந்து வாசித்தது. டிரம்ஸுக்குப் பெரும்பாலும் மூன்று மைக். ஒரு பாட்டுக்கு மொத்தமே அதிகபட்சம் பதினோரு டிராக் (தனித்தனிப் பதிவுத் தடம்) அளவுதான். இன்று ஒரு குறும்படப் பின்னணி இசைக்கே அறுபது டிராக் போடுகிறார்கள், அதை நினைத்துக்கொண்டு 'இஸ் திஸ் இட்' ஆல்பத்தைக் கேளுங்கள்.

இனி உங்கள் பிரச்சினைக்கு வருவோம்.

இரண்டு கிட்டார் இருக்கும் குழுக்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, இருவரும் ஒரே பார் கார்டை (ஒரு விரலை எல்லாத் தந்திகள் மேலும் குறுக்கே அழுத்திப் பிடிக்கும் கார்டு), ஒரே ஃப்ரெட்டில், ஆறு தந்தியிலும் அடிப்பது. தாழ்ந்த தந்திகளின் ஒலி 80 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை குவியும். பேஸ் கிட்டாரும் அங்கேதான் இருக்கிறது, கிக் டிரம்மும் அங்கேதான். மூன்றும் மோதினால் சேறுதான் மிஞ்சும். ஸ்ட்ரோக்ஸ் பாடல்களில் ஒரு கிட்டார் கீழே இரண்டு மூன்று தந்திகளில் கார்டின் துண்டைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, மற்றது மேலே ஒற்றை நோட் வரிசை ஒன்றை வாசிக்கும். பல இடங்களில் முழுக் கார்டு என்பதே யாரிடமும் இருக்காது. இரண்டு கிட்டாரும் பேஸும் வாசிக்கும் தனித்தனி நோட்டுகளைக் கேட்பவர் காதுதான் சேர்த்துக் கார்டாக்கிக்கொள்கிறது.

செய்து பாருங்கள்: ஒருவர் ஐந்தாம் ஃப்ரெட்டுக்குக் கீழே, 4, 3, 2 எண் தந்திகளில் மட்டும் இருக்கட்டும். மற்றவர் ஏழாம் ஃப்ரெட்டுக்கு மேலே, ஒரு நேரத்தில் ஒன்று அல்லது இரண்டு தந்திகள் மட்டும். ஒருவர் இடைவெளி விடும் இடத்தில் மற்றவரின் நோட் விழ வேண்டும். பாட்டின் உண்மையான நோட்ஸை அப்படியே எடுத்தாலும் சரி, சொந்தப் பாட்டுக்குச் செய்தாலும் சரி, இந்தப் பங்கீடு இல்லாமல் மேலே போகாதீர்கள். பதிவில் ஒரு கிட்டாரை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் தள்ளிவிடுங்கள். இரண்டுக்கும் 100–120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். தனியாகக் கேட்டால் மெலிந்திருக்கும், கூட்டாகக் கேட்டால் சரியாக இருக்கும். கிட்டார்காரர்கள் 'என் டோன் போச்சு' என்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள்.

கருவிகளைப் பொறுத்தவரை, ஹாமண்ட் வெள்ளை ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வைத்திருப்பவர். வலென்சி எபிஃபோன் ரிவியெராவில் பி-94 பிக்கப் (தந்தி அதிர்வை மின் சமிக்ஞையாக மாற்றும் பகுதி). பி-94 என்பது ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) அளவுச் சட்டத்தில் பொருத்தும் பி-90, அதாவது சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) வகை. இரண்டு கிட்டாருமே சிங்கிள் காயில் என்பதைக் கவனியுங்கள். தந்தியை அடிக்கும் முதல் கணத்தின் கூர்மை அதில்தான் தெளிவாக வரும். உங்களிடம் ஹம்பக்கர் கிட்டார் இருந்து, காயில் பிளவு ஸ்விட்ச் இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் கிட்டாரின் வால்யூமை 6 அல்லது 7-க்கு இறக்கினாலே பாதிக் கனம் குறைந்துவிடும்.

ஆம்ப் இருவருக்கும் ஃபெண்டர் ஹாட் ராட் டிவில். அது 60 வாட். சிறு அறையில் நீங்கள் அதை வாங்கி வைத்தால் காது போகும், ஒலியும் உடையாது (கரகரப்பு வராது). 15 அல்லது 20 வாட் வால்வ் ஆம்ப் போதும். மெதுவாக அடித்தால் சுத்தமாகவும் ஓங்கி அடித்தால் கொஞ்சம் கரகரப்பாகவும் வரும் இடத்தில் கெயினை (ஒலியைக் கரகரப்பாக்கும் குமிழ்) நிறுத்துங்கள். பெரும்பாலான ஆம்ப்களில் 3 முதல் 4 வரை. ஆம்ப் குமிழ்களில் பேஸ் (தாழ்ஒலி) 4, மிட் (நடுஒலி) 6 அல்லது 7, டிரெபிள் (மேலொலி) 6. ரிவெர்ப் பூஜ்யம். டிலே வேண்டாம். சோலோவுக்கும் அழுத்தமான பகுதிகளுக்கும் ஒரு ஓவர்டிரைவ் பெடல். அவர்கள் விஷுவல் சவுண்ட் நிறுவனத்தின் ஜெகில் அண்ட் ஹைட் வைத்திருந்தார்கள், நீங்கள் எதை வைத்தாலும் கெயினைக் குறைத்து லெவலை ஏற்றிக்கொள்ளுங்கள். ரிவியெரா போன்ற பாதி உள்ளீடற்ற கிட்டாரை அதிகக் கெயினில் ஆம்புக்கு அருகே கொண்டுபோனால் ஊளையிடும். அப்போது நிற்கும் கோணத்தை மாற்றிப் பாருங்கள், அதற்குப் பிறகு டிரெபிளைத் தொடலாம்.

மிட்டைக் குறைத்து, பேஸையும் டிரெபிளையும் ஏற்றி வைக்கும் பழக்கம் நம் ஒத்திகை அறைகளில் ரொம்பச் சாதாரணம். தனியாக வாசிக்கும்போது அது பிரமாதமாகக் கேட்கும். டிரம்ஸ் தொடங்கியதும் கிட்டார் காணாமல் போகும்.

அடுத்தது வலது கை. எட்டாம் பங்கு நோட்டுகளை முழுக்கக் கீழ்நோக்கி மட்டுமே அடிக்க வேண்டும். மேலும் கீழுமாக அடித்தால் இரண்டாவது அடி எப்போதும் சற்று மெலிதாக விழும், பாட்டு ஆட ஆரம்பித்துவிடும். இவர்களுடைய பாட்டு ஆடாது, நடக்கும். 'லாஸ்ட் நைட்' நிமிடத்துக்கு 104 துடிப்பு சுமார், அதில் கீழடி சிரமமே இல்லை. 'ரெப்டிலியா' 158 அளவில் ஓடும். நிமிடத்துக்கு 316 கீழடி. முழங்கையிலிருந்து அடித்தால் ஒன்றரை நிமிடத்தில் முன்கை இறுகிவிடும். மணிக்கட்டு மட்டும் அசைய வேண்டும், பிக்கின் நுனி இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தந்தியைத் தாண்டக் கூடாது. பிக் 0.73 மில்லிமீட்டர் போதும். ஒன்றரை மில்லிமீட்டர் பிக் வேகத்தில் தந்தியில் சிக்கும். 120-ல் தொடங்கி, இரண்டு நிமிடம் கை வலிக்காமல் வாசிக்க முடிந்தால் 4 கூட்டுங்கள். வலித்தால் அன்றைக்கு நிறுத்துங்கள், தசைநார் விஷயம் விளையாட்டல்ல.

பேஸ்காரருக்கு இந்தக் குழுவில் பெரிய பொறுப்பு. 'இஸ் திஸ் இட்' பாட்டையே எடுங்கள். கிட்டார்கள் அடங்கிக் கிடக்க, பேஸ்தான் குரலுக்குக் கீழே இன்னொரு மெட்டைப் பாடிக்கொண்டு நகர்கிறது. 'ரெப்டிலியா'வில் நேர் எதிர், தொடக்கத்தில் டிரம்ஸோடு ஒரே துடிப்பாக இடித்துக்கொண்டே இருக்கும். எப்போது மெட்டு, எப்போது இடி என்பதைப் பாட்டு பாட்டாகப் பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். கார்டின் மூல நோட்டை மட்டும் பின்தொடரும் பேஸ் இருந்தால் கிட்டார்களின் இந்தச் சிக்கனம் எடுபடாது, பாட்டு வெறிச்சோடிவிடும்.

டிரம்ஸில் மொரேட்டியைப் பின்பற்றுவது எளிதாகத் தெரியும். உண்மையில் அது பொறுமைச் சோதனை. ஹை-ஹாட்டில் எட்டாம் பங்கு, ஸ்னேர் 2-லும் 4-லும், ஃபில்கள் (இடைநிரப்பு வாசிப்பு) அபூர்வம், கிராஷ் இன்னும் அபூர்வம். 'ஹார்ட் டு எக்ஸ்ப்ளெய்ன்' பாட்டில் இயந்திர டிரம்ஸ் என்று பலரும் நினைப்பது அவர் கையால் வாசித்ததுதான். ராஃபேல் அதைக் கம்ப்ரெஷனாலும் (சத்த ஏற்றத்தாழ்வைக் குறைப்பது) ஈக்யூவாலும் (அலைவரிசைகளை ஏற்றி இறக்குவது) இறுக்கி இயந்திரம் போலாக்கினார். அதே பாட்டு நடுவில் சட்டென்று அறுந்து, மௌனம் விட்டு, மறுபடி பாயும். மேடையில் ஐந்து பேரும் ஒரே புள்ளியில் நிற்கவும் ஒரே புள்ளியில் கிளம்பவும் வேண்டும். டிரம்மர் தலையசைப்பைப் பார்க்கும் பழக்கம் இல்லாத குழு அங்கே மாட்டிக்கொள்ளும்.

மூன்று மைக்கில் நீங்களும் பதியலாம். ஒன்று கிக்குக்கு, ஒன்று ஸ்னேருக்கு, ஒன்று ஸ்னேருக்கு நேர் மேலே சுமார் ஒரு மீட்டர் உயரத்தில். மூன்றையும் சேர்த்துக் கேட்கும்போது கிக் அல்லது ஸ்னேர் திடீரென மெலிந்துபோனால் மைக்குகள் ஒன்றையொன்று வெட்டுகின்றன என்று பொருள். மேலே உள்ள மைக்கின் ஃபேஸை (ஒலி அலையின் மேல்கீழ்த் திசை) திருப்பிப் பாருங்கள்; எது கனமாகக் கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் சிம்பல் இரைந்தால் மைக்கை நோண்டாதீர்கள், வாசிப்பவர் சிம்பலை மெதுவாக அடிக்க வேண்டும். மூன்று மைக்கில் சமநிலையைக் கலவையில் சரிசெய்ய முடியாது, கையிலேயே வர வேண்டும்.

இப்போது குரல். இதுதான் எல்லோரும் கேட்பது. காசாபிளாங்கஸ் ஒரு சிறிய பீவி பயிற்சி ஆம்ப் வழியாகப் பாடினார், அந்த ஆம்ப் முன்னால் மைக் வைத்துப் பதிந்தார்கள். பழகிப்போன, கிழியாத நீல ஜீன்ஸ் மாதிரி இருக்க வேண்டும் என்பது அவர் ராஃபேலிடம் சொன்ன விளக்கம். முழுக்கக் கரகரவென்று ஆக்கிவிடக் கூடாது என்பது அதில் அடக்கம். வார்த்தைகள் கேட்கின்றன, ஓரங்கள் மட்டும் தேய்ந்திருக்கின்றன.

இதைச் செய்ய இரண்டு வழி. நேரடியாக ஆம்பில் பாடினால் அதே அறையில் ஃபீட்பேக் வரும். ஆம்பைப் பக்கத்து அறையில் வைத்து, பாடுபவர் ஹெட்ஃபோனில் கேட்க வேண்டும். இன்னும் பாதுகாப்பானது, குரலைச் சுத்தமாகப் பதிந்து, பிறகு அந்த டிராக்கை ஆம்புக்கு அனுப்பி மறுபடி பதிவது. ஆடியோ இன்டர்ஃபேஸின் லைன் வெளியீடு கிட்டார் ஆம்புக்கு மிக அதிகம். ரீஆம்ப் பாக்ஸ் (அந்த அளவை ஆம்புக்கு ஏற்ப இறக்கும் பெட்டி) இல்லையென்றால் வெளியீட்டை சுமார் 20 டெசிபல் இறக்கி அனுப்புங்கள், இல்லாவிட்டால் கேவலமாக உடையும். 10 வாட் ஆம்ப், கெயின் 2 அல்லது 3, ஸ்பீக்கரின் நடுவிலிருந்து சற்று விலகி, 5 முதல் 10 சென்டிமீட்டர் தொலைவில் மைக். பிறகு சுத்தமான டிராக்கைக் கொஞ்சம் கீழே கலந்தால் வார்த்தைகள் மீளும். மறுபதிவு சில மில்லி விநாடி பிந்தி வரும், இரண்டையும் அலைவடிவத்தைப் பார்த்து நேராக்காவிட்டால் குரல் குழாய்க்குள் இருப்பதுபோல் ஆகிவிடும்.

ஆம்பே இல்லையென்றால் மென்பொருளில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டி, லேசான சாச்சுரேஷன் (மெல்லிய கரகரப்பு), 4:1 கம்ப்ரெஷன். தொண்ணூறு சதவீதம் வந்துவிடும். மீதிப் பத்து பாடுபவரிடம் இருக்கிறது. காசாபிளாங்கஸ் முதல் பாதியைச் சோம்பலாக, தாழ்ந்த குரலில், துடிப்புக்கு ஒரு நூல் பின்னால் விட்டுப் பாடுவார். கடைசியில்தான் குரல் மேலேறிக் கத்தலாகும். உங்கள் பாடகர் முதல் வரியிலேயே கத்தினால் பாட்டுக்குப் போக இடம் இருக்காது.

'லாஸ்ட் நைட்' தொடக்கம் டாம் பெட்டியின் 'அமெரிக்கன் கேர்ள்' பாட்டைப் போல இருக்கிறதே என்பவர்களுக்கு: ஆமாம், அங்கிருந்துதான் எடுத்தார்கள், அவர்களே ஒப்புக்கொண்டார்கள். பெட்டி சிரித்துவிட்டுப் போனார், வழக்கு எதுவும் போடவில்லை. 'லாஸ்ட் நைட்' பாட்டின் சோலோ வாசித்தவர் ஹாமண்ட். வலென்சிதான் எப்போதும் சோலோ என்று நினைத்துப் பங்கு பிரித்திருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆல்பங்களுக்கு வருவோம். 'இஸ் திஸ் இட்' 2001-ல் ஆஸ்திரேலியாவில் ஜூலையிலும் பிரிட்டனில் ஆகஸ்டிலும் வந்தது. அமெரிக்க சிடி செப்டம்பரில் வரவேண்டியது, 11-ஆம் தேதித் தாக்குதலுக்குப் பிறகு அக்டோபர் 9-க்குத் தள்ளிப்போனது. நியூயார்க் போலீசைக் கிண்டலடிக்கும் 'நியூயார்க் சிட்டி காப்ஸ்' எடுக்கப்பட்டு 'வென் இட் ஸ்டார்ட்டட்' சேர்ந்தது. அட்டைப்படமும் நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டன் பதிப்பில் ஒரு பெண்ணின் இடுப்பில் கையுறைக் கை. அமெரிக்காவில் அணுத்துகள்களின் தடங்கள். பதினோரு பாட்டு, 36 நிமிடம் சுமார். தொடங்குவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை, 'நியூயார்க் சிட்டி காப்ஸ்' உள்ள பதிப்பைத் தேடிக் கேளுங்கள்.

'ரூம் ஆன் ஃபயர்' 2003 அக்டோபர். ரேடியோஹெட் குழுவின் தயாரிப்பாளர் நைஜல் காட்ரிச்சுடன் தொடங்கி, சரிவராமல் மறுபடி ராஃபேலிடமே வந்தார்கள். முதல் ஆல்பத்தின் நகல் என்று அப்போது ஒதுக்கியவர்கள் உண்டு. கிட்டார் வாசிப்பவர்களுக்கு இதுதான் மேலான பாடப்புத்தகம் என்பது என் தீர்ப்பு. '12:51' பாட்டில் கீபோர்டு என்று எண்ணவைப்பது வலென்சியின் கிட்டார். கழுத்துப் பக்கப் பிக்கப்பில் டோன் குமிழைப் பூஜ்யத்துக்கு அருகே இறக்கி, நோட்டுகளைச் சமமான பலத்தில் அடித்தால் ஏறக்குறைய அங்கே போய்விடலாம்.

'ஃபர்ஸ்ட் இம்ப்ரெஷன்ஸ் ஆஃப் எர்த்' (2006) டேவிட் கான் தயாரிப்பு. குரலில் இருந்த திரை விலகியது, எல்லாம் பெரிதாகவும் பளிச்சென்றும் ஆனது. பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. பதினான்கு பாட்டு என்பது அதிகம். 'யூ ஒன்லி லிவ் ஒன்ஸ்', 'ஜூஸ்பாக்ஸ்', 'ஹார்ட் இன் எ கேஜ்' மூன்றையும் கேட்டுவிட்டு மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நீண்ட இடைவெளிக்குப் பின் 2011-ல் 'ஆங்கிள்ஸ்'. இதில் எழுத்து ஐவருக்கும் பொது. ஆனால் காசாபிளாங்கஸ் குரலைத் தனியாக வேறிடத்தில் பதிந்து அனுப்பினார், மற்ற நால்வரும் ஒன்றாக இருந்தார்கள். ஒரே அறையில் ஐந்து பேர் என்ற முறை போனதும் பங்கீட்டின் இறுக்கமும் தளர்ந்தது, காதில் விழும். 2013-ன் 'கம்டவுன் மெஷின்' பேட்டி இல்லை, சுற்றுப்பயணம் இல்லை, ஆர்சிஏவுடன் இருந்த ஐந்து ஆல்பக் கணக்கு அதோடு தீர்ந்தது. கடமைக்குச் செய்தது என்று தள்ளாதீர்கள். 'ஒன் வே டிரிக்கர்' பாட்டின் உச்சக் குரலைப் பிடிக்காமல் போனாலும், கடைசிப் பாட்டான 'கால் இட் ஃபேட், கால் இட் கர்மா'வைக் கேட்காமல் விடக் கூடாது.

2020 ஏப்ரல் 10-ல் 'தி நியூ அப்நார்மல்'. தயாரிப்பு ரிக் ரூபின், அட்டையில் பாஸ்கியாவின் ஓவியம், அடுத்த ஆண்டு சிறந்த ராக் ஆல்பத்துக்கான கிராமி. ஒன்பதே பாட்டு, ஆனால் 45 நிமிடம். பாடல்கள் நீளக் கற்றுக்கொண்டன. 'பேட் டிசிஷன்ஸ்' மெட்டு 'டான்சிங் வித் மைசெல்ஃப்' பாட்டை ஒட்டி வருவதால் பில்லி ஐடலுக்கும் டோனி ஜேம்ஸுக்கும் எழுத்துப் பங்கு கொடுத்திருக்கிறார்கள். 'ஓட் டு தி மெட்ஸ்' பாட்டில் டிரம்ஸ் நுழையும் முன் பாடகர் மொரேட்டியிடம் டிரம்ஸ் கேட்பதையும் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள்.

உங்கள் குழு முதலில் எடுக்க வேண்டியது 'லாஸ்ட் நைட்' அல்ல, எல்லோரும் அதைத்தான் எடுக்கிறார்கள். இந்த 2020 ஆல்பத்தின் முதல் பாட்டான 'தி அடல்ட்ஸ் ஆர் டாக்கிங்' எடுங்கள். இரண்டு கிட்டாரும் உள்ளங்கையால் அமுக்கி, ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொண்டே போகும். கெயினால் மறைக்க வழியே கிடையாது. முதல் வாரம் பாடகரும் டிரம்மரும் வேண்டாம். இரண்டு கிட்டாரும் பேஸும் மெட்ரோனோமும் மட்டும், 110-ல். இரண்டு கிட்டார்களையும் தனித்தனி டிராக்கில் பதிந்து, இரண்டையும் ஒரே நடுப்புள்ளிக்குக் கொண்டுவந்து மோனோவில் கேளுங்கள். எந்த நோட் யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடிகிறதா பாருங்கள். முடியாத இடத்தில் ஒருவர் அந்த நோட்டை விட்டுவிட வேண்டும்.